சைலன்சர் பட்டை

பிப்ரவரி 2, திங்கள்

பெரியாஸ்பத்திரியில் தண்ணிக் கணக்கு எழுதி வைக்கச் சொல்லிவிட்டார்கள். பாண்டீஸ்வரி ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடித்தாள், என்ன சாப்பிட்டாள், கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எல்லாம். மகன் சோலைராஜ் மில்லில் கொடுத்த டைரியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"எனக்கு ஷிப்டு மாறி மாறி வருது. நீ எழுதும்மா. உனக்குத்தான் எதுவும் மறக்காதே."

மறக்காதவளுக்கு எதுக்குடா டைரி என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் அப்பாவும் அப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் சிரிப்பார்.

நான் மூணாம் வகுப்பு வரைக்கும் போனவள். சிலேட்டு உடைந்துபோச்சு என்று என்னை வெயிலில் நிறுத்திய வாத்தியார் முகம் இன்னும் நினைப்பிருக்கிறது. அவர் செத்தபோது நான் எட்டிப் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் அந்த வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

பாண்டீஸ்வரி என் மருமகள். ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. செவ்வாயும் வெள்ளியும் டவுனுக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே கட்டிலில் படுத்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். அதனால் சோலைராஜ் விடியுமுன்னே பழைய பைக்கில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறான். அந்த வண்டிதான் அவள் உசுரைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மூணாம் நாள், விருந்தாளிகள் முன்னால், "அத்த, குழம்புல உப்புத் தூக்கலா இருக்கு" என்று சொன்னவள் இவள். பதினெட்டு வருசம் ஆச்சு. இப்போது டாக்டர் உப்பே கூடாது என்கிறார். உப்பில்லாமல்தான் வைக்கிறேன். ரெண்டு குழம்பு வைக்க எனக்கு முடியாது என்பதால் நானும் அதையே தின்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தண்ணி நாலு டம்ளர். காலில் லேசாக வீக்கம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி போய்த் திரும்பிவரும்போது ஊர் எல்லையிலேயே சத்தம் கேட்டது. டிராக்டர் வருகிறதென்று நினைத்தேன். பார்த்தால் எங்கள் வண்டி. புகை போகிற சைலன்சர் குழாயைப் பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டை ஒடிந்து, குழாய் கழுத்து ஒடிந்த கோழி மாதிரித் தொங்குகிறது. இன்ஜினோடு சேருகிற வாய் வேறு திறந்துகொண்டது. தெருநாய் எல்லாம் பின்னால் ஓடிவந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் தவசிலிங்கம் குரல். "என்னடா கிடா, நம்ம தெருவுல ஏரோப்ளேன் எறங்குது?"

அவன் என் வீட்டுக்காரரின் தம்பி. வீட்டோடு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், கேட்டும் கிரில்லும் செய்கிறான். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் என் தலை மறைகிற உயரத்துக்கு ஒரு சுவர். பதினோரு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை அவன் தன் ஆட்டுக்கிடாயிடம் சொல்லுவான். அவனிடம் சொல்ல வேண்டியதை நான் என் சிவத்தக் கோழியிடம் சொல்லுவேன்.

"ஏ கோழி, ஏரோப்ளேன் எறங்குனா உனக்கென்ன? நீ முட்டையப் போடுற வேலையப் பாரு" என்றேன்.

தண்ணி மூணு டம்ளர், கொஞ்சம் மோர். இன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது. மெஷினில் இருந்து வந்த அன்றைக்கு மட்டும் அப்படி இருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

சோலைராஜ் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றிக் குழாயை இழுத்துக் கட்டினான். முறுக்கி முறுக்கிக் கை சிவந்துபோனது. தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தான். கம்பி சூட்டில் தளர்ந்து, ஆட்டத்தில் அறுந்துவிட்டது.

தண்ணி நாலரை. அரை டம்ளர் எனக்குத் தெரியாமல் குடித்திருக்கிறாள். டம்ளர் ஈரமாக இருந்தது. கேட்டதற்கு, "கழுவுனேன் அத்த" என்றாள். பொய்.

பிப்ரவரி 5, வியாழன்

என் செருப்பை வெட்டிவிட்டான்!

பொங்கலுக்கு எடுத்த செருப்பு. ஒடிந்த பட்டைக்குப் பதிலாக வீட்டில் கிடந்த கட்டில் சட்டத்தில் ஒரு துண்டு அறுத்து, ஓட்டை போட்டு, குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வைக்கவேண்டும் என்று என் இடது செருப்பின் குதிகாலை அறுத்து வைத்திருக்கிறான்.

"வேற ரப்பர் கெடைக்கலையாடா?"

"அதுதாம்மா கனமா இருந்துச்சு."

"அப்ப வலதுகாலையும் வெட்டிக்கோ. ஒத்தச் செருப்பை வச்சு நான் என்ன ஊர்வலமா போகப்போறேன்?"

பாண்டீஸ்வரி உள்ளே சிரிக்கிறாள். மாமியார் செருப்பு போனால் மருமகளுக்குச் சிரிப்பு. இதையும் எழுதி வைக்கிறேன்.

தண்ணி நாலு.

பிப்ரவரி 6, வெள்ளி

போனார்கள், வந்தார்கள். என் செருப்பு உருகி ஊரெல்லாம் நாறியது. குழாயைத் துண்டால் கட்டிக்கொண்டு உருட்டி உருட்டி வந்திருக்கிறான். ஆறு மணிக்குக் கட்டிலுக்குப் போய்விட்டாளாம். அது போதும்.

பிப்ரவரி 7, சனி

பால்காரன் பரமன் பாலை ஊற்றிவிட்டுப் போகும்போது கையில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. பால்காரனுக்கு என்ன இரும்பு வேலை என்று கேட்டேன். "சைக்கிளுக்கு சித்தி" என்றான். அவனிடம் சைக்கிள் கிடையாது. மொபெட்டில்தான் வருகிறான்.

காயை வேகவைத்துத் தண்ணியை வடித்துவிட்டு மறுபடி வேகவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வடித்த காயில் காயே இல்லை, சக்கைதான். ரெண்டு பேரும் தின்றோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வண்டியில் பட்டையை மாட்டிவிட்டான். ஒடிந்த அதே பட்டைதான், ஒடிந்த இடத்தில் அழகாகப் பற்றவைத்திருக்கிறது. எங்கே பற்றவைத்தாய் என்றால், "டவுன்ல" என்கிறான். டவுனுக்கு எப்போது போனான்? ஓட்டை நேராக வராமல் குழாயை முழங்காலால் நெட்டித் தள்ளி, இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கினான். சத்தம் நின்றது.

தண்ணி நாலு. கால் வீக்கம் இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நல்லபடியாகப் போய் வந்தார்கள். மதுரையில் விடுதியில் படிக்கிற பேத்தி போனில் பேசினாள். "அப்பத்தா, அம்மாவ வையாதீங்க" என்கிறாள். நான் எப்போது வைதேன்?

பிப்ரவரி 11, புதன்

பரமன் வாயைக் கட்டத் தெரியாதவன். பாலை அளந்துகொண்டே, "தவசி அண்ணன் பத்தவச்சது நல்லா நிக்குதா சித்தி?" என்று கேட்டுவிட்டு, அப்படியே நாக்கைக் கடித்தான்.

என் பிள்ளை எனக்குத் தெரியாமல் பட்டையைப் பரமன் கையில் கொடுத்து அனுப்பி, அவன் தன்னுடையது மாதிரி தவசிலிங்கத்திடம் கொடுத்து, பற்றவைத்து வாங்கியிருக்கிறான்.

எழுதியே விடுகிறேன். நான் வாக்கப்பட்டு வந்தபோது தவசிலிங்கத்துக்கு ஒம்பது வயசு. தாயில்லாத பிள்ளை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். பரோட்டாக் கடைக்கு ஓடிப்போனவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து வேலை பழக அனுப்பியது நான். அவன் மகளுக்குச் சடங்கு வைத்தபோது என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருசம். தாம்பாளத்தில் பச்சைப் பட்டுப் பாவாடையும் பூவும் எடுத்துக்கொண்டு விடியவே போனேன். வாசலிலேயே நிறுத்தினான். "மதினி, நீங்க கொஞ்சம் அங்கிட்டு இருங்க. தண்ணி ஊத்தி முடிஞ்சதும் கூப்பிடுதேன்" என்றான். தாலி அறுத்தவள் முன்னால் நிற்கக் கூடாதாம். ஆட்டுக்கொட்டாய் ஓரமாகத் தாம்பாளத்தோடு நின்றேன். தண்ணி ஊற்றினார்கள், குலவை போட்டார்கள், பந்தி போட்டார்கள். கூப்பிடவே இல்லை. என் மேல் வெயில் ஏறியதும் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் தெருவில் பெரிய சண்டை. சூடத்தைக் கொளுத்தி வைத்து, "இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று அவன் அடித்து அணைத்தான். நானும் விடவில்லை. இன்னொரு சூடம் கொளுத்தி, சோலைராஜ் தலையில் கை வைத்து, "நானும் என் பிள்ளையும் உன் வாசலை மிதிக்க மாட்டோம்" என்று அடித்து அணைத்தேன்.

பிள்ளை தலையில் அடித்த சத்தியம். விளையாட்டில்லை.

சோலைராஜிடம் ஒன்றுதான் கேட்டேன். "நீ அவன் படி ஏறுனியா?"

"இல்லம்மா. பட்டை மட்டுந்தான் போச்சு."

உப்பும் மிளகாயும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். ராத்திரி நான் சாப்பிடவில்லை. பசியில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

போகிற வழியில் ஒடிந்துவிட்டது. அதே இடம்.

இருட்டில், பாலத்துக்குப் பக்கத்தில், குழாய் தொங்கித் தரையில் உரசி, பாண்டீஸ்வரியின் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுவிட்டது. உள்ளங்கை அகலம் தோல் வழண்டுவிட்டது. அவளை ரோட்டோரம் உட்காரவைத்துவிட்டு இவன் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, ரெண்டு பேருமாகப் பஸ் பிடித்துப் போகும்போது மணி எட்டு. அந்த மெஷினில் அடுத்த ஆள் ஏறிவிட்டார். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது, எல்லாருக்கும் உசுருதான். புண்ணுக்கு மருந்து போட்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் வரச் சொல்லி, நடுவில் மூச்சு முட்டினால் உடனே நூத்தியெட்டைக் கூப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய் வரைக்கும் உள்ளே போகிற தண்ணி எல்லாம் உள்ளேயே நிற்கும்.

தண்ணி மூணு டம்ளர்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

முகம் வீங்கிவிட்டது. கண் சிறுத்துவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று ரெண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறாள். நூத்தியெட்டைக் கூப்பிடவா என்றால், இன்னும் அந்த அளவுக்கு முட்டவில்லை என்கிறாள்.

"அத்த, ஒரு மொடக்கு."

"இல்ல."

"நாக்கு ஒட்டுது அத்த."

துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன். துணியைக் கவ்விக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. பிடுங்கிவிட்டேன்.

"நான் போயிட்டா நீங்க உப்புப் போட்டுத் திங்கலாம்" என்று சிரிக்கிறாள்.

"உன் தயவுல உப்புத் திங்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல. வாய மூடிட்டு மூச்ச விடு."

அவள் பார்க்கும்படி நான் தண்ணி குடிப்பதில்லை. அடுப்படியில் போய்க் குடிக்கலாம். இன்றைக்குப் போக மறந்துவிட்டது.

நாளைக்கு மாசி சிவராத்திரி. டவுன் மெக்கானிக் கடையைப் பூட்டிக் குலசாமி கும்பிடப் போய்விட்டான், புதன்கிழமைதான் வருவானாம். ஊரில் இருக்கிற ஒரே ஆட்டோவும் அதன் ஆளும் குடும்பத்தோடு போயாச்சு. இரவல் வண்டி கேட்கலாம் என்றால் பரமன் மொபெட்டும் சேர்த்து எல்லா வண்டியும் ஏதோ ஒரு கோயில் வாசலில்தான் நிற்கிறது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் கிடாயோடு பேச்சு நடந்தது.

"ஏலே கிடா, வண்டியக் காட்டாம துண்ட மட்டும் காட்டுனா நான் துண்டத்தான பத்தவைப்பேன்? கோளாறு பட்டையில இல்லடா. முன்னால இன்ஜின் பக்கம் நட்ட இறுக்கிட்டு, பின்னால குழாய நெட்டி இழுத்து மாட்டியிருக்கான். அது ரவ்வும் பகலும் திமிறிக்கிட்டே இருக்கும். பத்துத் தடவ பத்தவச்சாலும் அங்கனதான் ஒடியும். வண்டியில வச்சே அளவெடுக்கணும்."

நான் கோழியைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

"அத்த, சின்ன மாமாகிட்ட நான் கேக்கட்டுமா? நான் சத்தியம் பண்ணலையே."

"உன்னால வாசல் வரைக்கும் நடக்க முடியுமாடி?"

கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு வாய்ச் சோறு கூட இறங்கவில்லை.

வண்டி அவன் பட்டறைக்குப் போகவேண்டும் என்றால் என் பிள்ளை அவன் வாசலை மிதிக்க வேண்டும். அவன் இங்கே வரவேண்டும் என்றால் அவன் என் வாசலை மிதிக்க வேண்டும். ஒரு பக்கம் என் பிள்ளை தலை, ஒரு பக்கம் இவள் மூச்சு.

மத்தியானம் தவசிலிங்கம் வீட்டில் வேன் வந்து நின்றது. குலசாமி கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். எங்களுக்கும் அதே சாமிதான். நான் இந்த வருசம் போகவில்லை. மூட்டு வலி.

சுவரோரம் போய்க் கோழியைக் கூப்பிட்டேன். கோழி தெருவில் மேய்ந்துகொண்டிருந்தது. அது இல்லாமலே பேசினேன்.

"ஏ கோழி, செவ்வாக்கெழம விடியக் கருக்கல்ல இந்த வண்டி கெளம்பலைன்னா இந்த வீட்டுல ஒரு சாவு விழும். சாமி கும்பிடப் போறவங்க போற எடத்துல அதையும் சேத்துச் சொல்லட்டும்."

வேன் கொஞ்ச நேரம் கிளம்பாமல் நின்றது. அப்புறம் போய்விட்டது.

தண்ணி ரெண்டரை.

பிப்ரவரி 16, திங்கள்

விடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கம் சுவரோரமாக நிறுத்தினேன். அங்கேதான் நிழல். அப்படியே ஸ்டூலையும் சுவருக்குப் பக்கத்தில் போட்டேன். முருங்கைக்கீரை பறிக்க வேண்டியிருந்தது.

பத்து மணி வாக்கில் வேன் வந்தது. தவசிலிங்கம் நேராகக் கிடாயிடம் வந்தான். சாமி கும்பிட்டவன் இன்னும் குளிக்கக்கூட இல்லை.

"ஏலே கிடா, ராத்திரி சாமிகிட்டப் பூக்கட்டிப் பாத்தேன். வெள்ளை வந்தா உத்தரவு, சிவப்பு வந்தா உத்தரவு இல்ல. வாசல மிதிக்கலாமான்னு கேட்டேன். சிவப்பு வந்துருச்சு. எனக்கு மனசு ஆறல. சரி சாமி, சுவரேறிக் குதிக்கலாமான்னு கேட்டேன்." பட்டறைச் சாமானை உருட்டுகிற சத்தம் கேட்டது. "வெள்ளை!"

பின்கட்டில் படுத்திருந்த பாண்டீஸ்வரி தலையணையில் சாய்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் கோழியைப் பார்த்து, "சாமியே சொல்லிருச்சுன்னா நமக்கென்ன பேச்சு? சுவர் ஒண்ணும் நம்ம சொத்து இல்ல, பாதி அவுகளுது" என்றேன்.

முதலில் சுவருக்கு மேலே வெல்டிங் வயர் வந்து விழுந்தது. அப்புறம் சுத்தியல், ஸ்பேனர், கறுப்புக் கண்ணாடி. அப்புறம் ஏணி வைக்கிற சத்தம். அறுபத்தொரு வயசு, முழங்கால் தேய்ந்தவன், சுவர் மேல் ஏறிக் குதிரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு இந்தப்பக்கம் கால் போடத் தெரியாமல் தவிக்கிறான். வேட்டி வேறு சுவர் மேல் பதித்த ஓட்டில் மாட்டிக்கொண்டது.

"சின்ன மாமா, பாத்து எறங்குங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஸ்டூல் மேல கால வைங்க சித்தப்பா" என்று சோலைராஜ் தாங்கிப் பிடித்தான்.

பதினோரு வருசத்தில் முடி நரைத்துவிட்டது அவனுக்கு. சுவருக்கு மேலே குரல்தான் கேட்டிருக்கிறேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னான். பெட்ரோல் டேங்கின் மேல் சாக்கை நனைத்துப் போட்டான். அப்புறம் பின்பக்கம் தொடவே இல்லை. முன்னால் இன்ஜினோடு சேருகிற நட்டை எல்லாம் தளர்த்திவிட்டு, குழாயை லேசாக ஆட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"பாரு. இது அதுபாட்டுக்கு எங்க உக்காரணும்னு நெனைக்குதோ அங்க உக்காந்துருச்சு. இப்ப இதுக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு எடைவெளி?"

"ஒரு வெரல் சித்தப்பா."

"இந்த ஒரு வெரலத்தான் நீ முழங்கால வச்சு நெட்டியிருக்க. பட்டைக்குத் தக்கன குழாய வளைக்கக் கூடாதுடா. குழாய்க்குத் தக்கன பட்டைய வளைக்கணும்."

புதுப் பட்டை ஒன்று அடித்து வளைத்து, அங்கேயே வைத்துப் பார்த்து, மறுபடி அடித்து வளைத்தான். ரெண்டு பொட்டு மட்டும் வண்டியில் வைத்துப் பற்றவைத்து, கழற்றி, தரையில் வைத்து முழுசாகப் பற்றவைத்தான். நடுவில் வைக்கத் தண்ணி மோட்டார் ரப்பர் ஒன்றைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தான். கோயிலுக்குப் போகும்போதே எடுத்து வைத்திருப்பான் போல. ரெண்டாம் தடவையும் சாமி சிவப்புக் கொடுத்திருந்தால் என்ன பண்ணியிருப்பான் என்று தெரியவில்லை. வெள்ளை வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான். சின்ன வயசிலேயே அப்படித்தான், தோசை கேட்டால் வார்க்கிற வரைக்கும் விடமாட்டான்.

"செருப்பு ரப்பர்லாம் தாங்காதுடா" என்றான்.

"அது யார் செருப்புன்னு தெரியுமா சித்தப்பா?" என்றது இந்தக் கழுதை.

தவசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான். இதையும் நான் மறக்கப் போவதில்லை.

கடைசியாக முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக நட்டை முடுக்கினான். வண்டியை மிதித்தான். பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பாண்டீஸ்வரி, "அணைஞ்சு போச்சா?" என்று கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது.

சாமானை எல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் கொடுத்துவிட்டுத் தவசிலிங்கம் ஏறப்போனான். ஸ்டூலைக் காணோம். யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பாண்டீஸ்வரிக்கு எழுந்து நடக்க முடியாது. சோலைராஜ் வண்டியை விட்டு நகரவில்லை. இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருந்ததே கிடையாது.

சோலைராஜ் என் முகத்தைப் பார்த்தான். தேட எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

தவசிலிங்கம் சுவரைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான். கிடா அந்தப்பக்கம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் என் கோழியிடமே கேட்டான். "ஏ சிவத்தக் கோழி, நான் எப்படிப் போக?"

கோழி என்னுடையது. நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

"உள்ள வர்றதுக்குத்தான சாமி சிவப்புக் குடுத்துச்சு? வெளிய போறதுக்கு எவனும் பூக்கட்டிப் பாக்கலையே" என்றேன்.

"அதுஞ்சரிதான்" என்று கோழியிடம் சொன்னான்.

வீட்டுக்குள் நடந்தான். அவன் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றது தெரிந்தது. எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, பார்க்கவில்லை. வாசற்படிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"மதினி."

கோழியும் இல்லை, கிடாயும் இல்லை.

"அன்னைக்குக் கூப்பிட மறந்துட்டேன் மதினி."

"எனக்கு மறக்கல" என்றேன்.

தலையை ஆட்டினான். வலது காலை எடுத்து வைத்து வெளியே போனான்.

தண்ணி ரெண்டு. மூச்சு வாங்குகிறது. நாளைக்கு விடியட்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

விடியுமுன்னே கிளம்பினார்கள். பாண்டீஸ்வரியை நானும் அவனுமாகத் தூக்கி உட்காரவைத்தோம். புண்ணில் படாமல் இருக்கக் கெண்டைக்காலில் என் பழைய சேலையைச் சுற்றிவிட்டேன். நல்ல சேலை ஒன்றும் இல்லை.

தெருமுனை திரும்பியதும் சத்தம் கேட்கவில்லை. முந்தி பாலம் வரைக்கும் கேட்கும், எங்கே போகிறார்கள் என்று தெரியும். இப்போது ஒன்றும் தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கமும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடாயோடு பேச்சு இல்லை.

ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது போன் வந்தது. "படுத்துட்டாம்மா. மெஷின் போட்டாச்சு" என்றான் சோலைராஜ்.

சுவரைப் பார்த்துச் சத்தமாக, "ஏ கோழி, மெஷின் போட்டாச்சாம்!" என்றேன். கோழி இன்னும் கூண்டுக்குள் தூங்குகிறது. அந்தப்பக்கம் விளக்கை அணைத்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். முகம் வடிந்திருக்கிறது. கண் தெரிகிறது. வந்து ஒரு வாய் தின்றதும், "அத்த, குழம்புல இன்னைக்கு உப்புப் போட்டீங்களா? நல்லாருக்கு" என்றாள். நான் போடவில்லை. பதினெட்டு வருசத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை. முந்தி சொன்னது முந்தி சொன்னதுதான்.

சாயங்காலம் தவசிலிங்கம் ஸ்பேனரோடு தெருவில் வந்து நின்றான். புதுப் பட்டை ஒருதடவை சூடேறி ஆறினால் நட்டு இளகுமாம், மறுபடி முடுக்க வேண்டுமாம். வாசலைத் தாண்டவில்லை. சத்தியம் சத்தியம்தான், நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை. சோலைராஜ் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். முழங்கால் மடங்காதவன் குனிந்து முடுக்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்டூலைத் தூக்கித் தெருவில் போட்டேன். அது அடுப்படியில்தான் இருந்திருக்கிறது.

தாகம் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொடுக்கவில்லை. படியில் வைத்தேன், எடுத்துக் குடித்தான்.

தண்ணிக் கணக்கு: பாண்டீஸ்வரி மூணு டம்ளர். தவசி ஒரு செம்பு.